நூறு வாட் பல்பும் எதிர்ல வர்றவர் கண்ணும்

டிஸ்கி: பைக் ஓட்டாதவங்களும் படிக்கலாம். ராத்திரியில ரோட்டைக் கடக்குற எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு. நடுவுல கொஞ்சம் கணக்கு வரும், ஓடிடாதீங்க.

புது பைக் வாங்கினதும் நம்ம மக்கள் செய்யுற காரியம் மூணு. எலுமிச்சம்பழம் நசுக்குறது, டேங்க்ல ஸ்டிக்கர் ஒட்டுறது, ஹெட்லைட் பல்பை மாத்துறது. முதல் ரெண்டால யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை (எலுமிச்சம்பழத்தைத் தவிர). மூணாவதைப் பத்திதான் ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டு இருந்தேன்.

பல்பை மாத்தாதீங்கன்னு சொல்ல வரலை. முதல் வேலையா மாத்தாதீங்க. கடைசி வேலையா வச்சுக்குங்க. பாதிப் பேருக்கு அந்தக் கடைசி வேலைக்கு அவசியமே வராது. இதுதான் என் கட்சி. ஏன்னு கீழே சொல்றேன்.

கம்பெனி குடுக்குற வெளிச்சம் பத்தலைங்கற புகார் நியாயமானதுதான். அதை மறுக்கவே இல்லை. வாரம் முழுக்க சோழிங்கநல்லூர்ல ஆணி புடுங்கிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி விருத்தாசலம் பக்கத்துல இருக்குற சொந்த ஊருக்கு பைக்லயே போற ஆள் நான். உளுந்தூர்பேட்டை வரைக்கும் பிரச்சினை இல்லை. நாலு வழிச் சாலை, நடுவுல அரளிச்செடி. அந்த அரளி சும்மா அழகுக்கு வச்சதுன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. எதிர்ப்பக்க வண்டியோட லைட் நம்ம கண்ணுல அடிக்காம மறைக்கிறதும் அதோட வேலைதான். உளுந்தூர்பேட்டையில திரும்பின உடனே அரளியும் இல்லை, தடுப்பும் இல்லை. ஒரே ரோட்டுல ரெண்டு பக்கமும் வண்டி. அங்கங்க முந்திரித் தோப்பு இருட்டு. கரும்பு சீசன்னா பின்னாடி ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர்கூட இல்லாம டிராக்டர் ட்ரெய்லர் ஊர்ந்துட்டு இருக்கும், இல்லைன்னா பஞ்சராகி ரோட்டுலயே நிக்கும்.

60 கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். கண்ணு பார்த்து, மூளைக்கு உறைச்சு, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை செகண்ட்னு வைங்க. 25 மீட்டர் போயாச்சு. காய்ஞ்ச ரோட்டுல நல்ல பிரேக் இருந்தாலும் வண்டி நிக்க இன்னும் 20 மீட்டருக்கு மேல வேணும். ஆக மொத்தம் 45-லேர்ந்து 50 மீட்டர். மங்கலான லோ பீம்ல அவ்வளவு தூரத்துல இருக்குற கறுப்பு ட்ரெய்லர் தெரியவே தெரியாது. அதனால நல்ல லைட் வேணும்னு கேக்குறது ஆடம்பரம் இல்லை, உயிர் சமாச்சாரம்.

சரி, நம்மாளு கிளம்புறார். சென்னைன்னா ஜி.பி. ரோடு, இல்லைன்னா புதுப்பேட்டை. "பாஸ், 100/90 போடுங்க, பகல் மாதிரி இருக்கும்"ம்பார் கடைக்காரர். பக்கத்து கண்ணாடிப் பெட்டியில பின்னாடி குட்டி ஃபேன் வச்ச எல்.ஈ.டி. பல்பு. அதுமேல எவ்வளவு லூமன்ஸ்னு போட்டிருக்குன்னு பார்த்தா திருப்பதி உண்டியல் வசூல் கணக்கு மாதிரி இருக்கும். ஒரு சாதாரண 60/55 வாட் எச்4 பல்போட அளவு என்ன தெரியுமா? 13.2 வோல்ட்ல ஹை பீம் 1650 லூமன், லோ பீம் 1000 லூமன். இதுக்கு சர்வதேச தர அளவே இருக்கு. அதே மாதிரி 150 சிசி வண்டிகள் பலதுல வர்ற 35/35 வாட் எச்எஸ்1 பல்புன்னா 825-ம் 525-ம்.

இந்த 13.2 வோல்ட்டைத்தான் கொஞ்சம் கவனிக்கணும். உங்க வண்டியில பல்போட முனையில அந்த 13.2 வோல்ட் வருதா?

டங்ஸ்டன் இழையோட குணம் ஒண்ணு இருக்கு. வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சா வெளிச்சம் ரொம்பக் குறையும். கிட்டத்தட்ட வோல்டேஜோட 3.4-வது அடுக்குல போகும். அதாவது 13.2 வர வேண்டிய இடத்துல 12.2 வந்தா, வோல்டேஜ் குறைஞ்சது 8 சதவீதத்துக்கும் கீழே. ஆனா வெளிச்சம் கால்வாசி காலி. இஞ்சினியரிங் படிச்சதுக்கு உருப்படியா ஒரு வேலை செய்வோம்னு மல்டிமீட்டரை எடுத்துட்டு என் வண்டிகிட்ட உக்காந்தேன். 350 சிசி, எச்4 பல்பு, அஞ்சு வருஷம் ஓடின வண்டி. இஞ்சினை ஓட விட்டு, லோ பீமைப் போட்டுட்டு அளந்தா பேட்டரி முனையில 13.9 வோல்ட். பல்போட ஹோல்டர்ல 12.4. நடுவுல 1.5 வோல்ட் எங்கயோ போயிருச்சு. கணக்குப் போட்டா, வர வேண்டிய வெளிச்சத்துல மூணுல ஒரு பங்கு கிட்ட வரலை.

எங்க போச்சு? பேட்டரியில கிளம்புற கரண்ட் மெயின் ஃபியூஸ், சாவி போடுற இக்னிஷன் சுவிட்ச், ஹேண்டில்பார்ல டிம்-டிப் சுவிட்ச், நடுவுல நாலஞ்சு கனெக்டர், இடியாப்பம் மாதிரி மெலிசான வயர்னு ஊர் சுத்திட்டு பல்புக்கு வருது. ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வரி கட்டிட்டு வருது. அப்புறம் மழைத் தண்ணி, தூசி, பச்சைப் பாசம் பிடிச்ச பித்தளை முனைகள். எர்த் பக்கம் இன்னும் மோசம், அதை யாருமே பாக்குறதில்லை.

இந்த வயரிங்கை அப்படியே வச்சுட்டு 100/90 மாட்டினா என்ன ஆகும்? என் வண்டி அளவுலயே சொல்றேன். 55 வாட் லோ பீம் இழுக்குறது நாலரை ஆம்பியர் சொச்சம். 90 வாட் இழுக்குறது ஏழு ஆம்பியருக்கு மேல. கரண்ட் ஏறினா அதே வயர்ல இழப்பும் ஏறும். 1.5 வோல்ட் போயிட்டு இருந்த இடத்துல 2.4 வோல்ட் போகும். பல்புக்கு மிஞ்சுறது பதினொன்றரை. அப்போ 90 வாட் பல்பு தன்னோட முழு வெளிச்சத்துல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் எரியும். பழைய 55 வாட்டோட ஒப்பிட்டா கிடைக்கிற லாபம் கால் பங்கு சொச்சம், அவ்வளவுதான்.

இன்னொண்ணும் இருக்கு. ஏழு ஆம்பியர், 2.4 வோல்ட். பெருக்குங்க. கிட்டத்தட்ட 17 வாட் சூடு உங்க சுவிட்ச்லயும் கனெக்டர்லயும் வயர்லயும் சதா இறங்கிட்டே இருக்கு. ஒரு சின்ன சால்டரிங் அயனை ஹெட்லைட் டூமுக்குள்ள செருகி வச்ச மாதிரி. ரூம்மேட் ஒருத்தன் வண்டியில பல்பு ஹோல்டரோட பிளாஸ்டிக் உருகி, ரெண்டு முனையும் ஒட்டி, மதுராந்தகம் தாண்டி ராத்திரி பதினொரு மணிக்கு லைட் மொத்தமா போச்சு. பகல் மாதிரி இருக்கும்னு கடைக்காரர் சொன்னாரே, அந்தப் பகல் வர்ற வரைக்கும் டீக்கடை பெஞ்ச்லயே படுத்திருந்தான் பாவம்.

2017 ஏப்ரல் 1-லேர்ந்து வந்த வண்டிகள்ல ஹெட்லைட்டை அணைக்கிற சுவிட்சே கிடையாதுங்கறதையும் சேர்த்துக்குங்க. இஞ்சின் ஓடினா லைட் எரியும். பழைய வண்டியில ராத்திரி ரெண்டு மணி நேரம் தாங்கின சூட்டை, இப்ப பகல் முழுக்க டிராஃபிக்ல நின்னுட்டுத் தாங்கணும்.

நான் செஞ்சது ரெண்டு ரிலே. ரிலேன்னா பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை. நம்ம ஆபீஸ்ல மேனேஜர் கையெழுத்து மட்டும் போடுவார், வேலையை வேற ஒருத்தன் செய்வான் இல்லையா, அதேதான். ஹேண்டில்பார் சுவிட்ச் வழியா ரிலேயோட காயிலுக்கு மட்டும் குட்டிக் கரண்ட் போகும், கால் ஆம்பியர்கூட இருக்காது. பல்புக்கு வேண்டிய பெரிய கரண்ட் பேட்டரியிலேர்ந்து ஒரு ஃபியூஸ் வழியா, தடியான வயர்ல நேரா ரிலேக்கு வந்து பல்புக்குப் போகும். ஊர் சுத்துற வேலை இல்லை. ஹைக்கு ஒண்ணு, லோவுக்கு ஒண்ணு. கூடவே பிளாஸ்டிக் ஹோல்டரைத் தூக்கிட்டு பீங்கான் ஹோல்டர். எர்த்துக்கும் தனி வயர் இழுத்து பேட்டரி நெகட்டிவ்லயே கட்டியாச்சு. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சது, ஒரு ஞாயித்துக்கிழமை மதியத் தூக்கம் போச்சு.

மறுபடி அளந்தேன். இழப்பு 0.3 வோல்ட். அதே 60/55 வாட் பல்பு, அதே ரிஃப்ளெக்டர், வெளிச்சம் மூணுல ஒரு பங்குக்கு மேல ஏறியிருக்கு. நூறு வாட் பல்பு பழைய வயரிங்ல குடுக்குறதைவிட இது அதிகம். சுவிட்ச்ல சூடு கிடையாது, பேட்டரிக்கு கூடுதல் சுமைன்னு சொல்லிக்கிற அளவுக்கும் கிடையாது. எனக்கே கொஞ்சம் கடுப்பாதான் இருந்துச்சு, கம்பெனிக்காரன் முதல்லயே இதை வச்சுக் குடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவான்னு.

ஒரு எச்சரிக்கை. பழைய 100 சிசி வண்டிகள் நிறையதுல ஹெட்லைட் பேட்டரியிலேர்ந்து எரியறதே இல்லை. இஞ்சின்ல இருக்குற காயில்லேர்ந்து நேரா ஏ.சி. கரண்ட்ல எரியும். ஆக்சிலேட்டரை முறுக்கினா பளீர்னும், விட்டா டல்லாவும் ஆகுதுன்னா அந்த வகைன்னு வச்சுக்கலாம். அதுல இந்த ரிலே வித்தை செய்யாதீங்க, பேட்டரி படுத்துடும். பெரிய வாட் பல்பும் போடாதீங்க. அந்தக் காயில் குடுக்குறது இவ்வளவுதான்னு ஒரு அளவு. பெரிய பல்பு வோல்டேஜைக் கீழ இழுத்து பீடி நுனி மாதிரி எரியும். எச்எஸ்1 வர்ற இடத்துல எச்4 பல்போட காதை அரம் வச்சுத் தேய்ச்சு செருகுறவங்களுக்கும் இதே பதில்தான். கம்பெனிக்காரன் காதை வேற அளவுல வச்சதே நீங்க செருகக்கூடாதுன்னுதான்.

இதுவரைக்கும் நம்ம வண்டி, நம்ம காசு, நம்ம வயர். கருகினா நமக்கு. இனிமே சொல்லப் போறதுதான் எனக்கு முக்கியம்.

எச்4 பல்பை ஒரு தடவை கையில எடுத்துப் பாருங்க (கண்ணாடியைத் தொடாம, விரல் எண்ணெய் பட்டா சீக்கிரம் புட்டுக்கும்). உள்ள ரெண்டு இழை. ஒரு இழைக்குக் கீழே மட்டும் குட்டியா ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். அதுதான் லோ பீம் இழை. அந்தக் கிண்ணம், கீழ்ப்பக்கம் போற வெளிச்சத்தை மறைச்சு, ரிஃப்ளெக்டரோட மேல்பாதியை மட்டும் பயன்படுத்த விடுது. மேல்பாதியில பட்ட வெளிச்சம் ரோட்டைப் பார்த்துக் கீழே இறங்கும். எதிர்ல வர்றவர் கண்ணுக்குப் போகாது. சுவத்துல அடிச்சுப் பார்த்தா கத்தியால வெட்டின மாதிரி ஒரு கோடு தெரியுமே, அந்தக் கோட்டோட ரகசியம் இந்தக் கிண்ணம்தான். இழை இருக்குற இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே கோடு கலைஞ்சுடும்.

இந்த இடத்துல எல்.ஈ.டி. பல்பை மாட்டுறாங்க. ஒரு உலோகப் பட்டையோட ரெண்டு பக்கமும் சில்லு ஒட்டியிருக்கும். இழை எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும், சில்லு தான் பாக்குற பக்கம் மட்டும் விடும். இழை இருந்த இடமும் சில்லு இருக்குற இடமும் ஒண்ணு இல்லை. ரிஃப்ளெக்டருக்கு இதெல்லாம் தெரியாது. தனக்கு வந்த வெளிச்சத்தை கண்ட பக்கமும் வாரி இறைக்கும். அதுக்கு முன்னாடி வந்த எச்.ஐ.டி. மோகத்துலயும் இதே கதைதான். ஓட்டுறவர் பாக்குறது மரக்கிளை, போர்டு, பக்கத்து வயல்னு எல்லாம் பளபளன்னு தெரியுற காட்சி. அடேங்கப்பான்னு இருக்கும். மரக்கிளையில வண்டி ஓட்டப் போறோமா என்ன? முன் சக்கரத்துக்குப் பக்கத்துல பத்து மீட்டர் வெள்ளை வெளேர்னு இருந்தா கண்ணு அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கும். அம்பது மீட்டர்ல இருக்குற இருட்டு இன்னும் இருட்டாத்தான் தெரியும். எல்லாம் தெரியுற மாதிரி இருக்கும், தெரிய வேண்டியது மட்டும் தெரியாது.

தூரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. ரெண்டு மடங்கு தூரத்துல அதே வெளிச்சம் வேணும்னா நாலு மடங்கு ஒளி வேணும். 55-ஐ 90 ஆக்கி, வயரிங்கையும் சரி பண்ணிட்டா, ஒளி சுமார் 1.6 மடங்கு. தூரத்துல கிடைக்கிற லாபம் 1.3 மடங்குகூட வராது. அந்தக் கொசுறுக்கு எதிர்ல வர்றவர் குடுக்குற விலை என்ன?

எங்க அப்பாவுக்கு 61 வயசு. ஊர்ல டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுறார். மும்முனை கரண்ட் ராத்திரி முறை வந்தா கொல்லைக்குப் போய் மோட்டார் போட்டுட்டு வரணும். போகிற வழியில ஒரு ரெண்டு கிலோமீட்டர் மெயின் ரோடு. எதிர்ல இந்த வெள்ளை லைட் வண்டி வந்தா அவர் என்ன பண்ணுவார்னா, வண்டியை ஓரம் கட்டி, காலை ஊனி, தலையைக் குனிஞ்சுட்டு நிப்பார். அது தாண்டிப் போனப்புறமும் கொஞ்ச நேரம் நிப்பார். கண்ணு திரும்பணுமே. வயசாக ஆகக் கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் மங்கும், வர்ற வெளிச்சத்தைச் சிதறடிக்கும், கூச்சம் போறதுக்கு நேரமும் அதிகம் பிடிக்கும். புரை ஆரம்பிச்சிருந்தா கேக்கவே வேணாம். அதுவும் நீலம் கலந்த வெள்ளைன்னா கூச்சம் இன்னும் கூட. "என்னப்பா, மின்னல் மாதிரி அடிச்சுட்டுப் போறானுங்க, ஒண்ணுமே தெரியல"ன்னு ஒரு தடவை சொன்னார். அதைப் புகாராகூட சொல்லலை. மழை வருதுன்னு சொல்ற மாதிரி சொன்னார்.

அவர் ஓரம் கட்டத் தெரிஞ்சவர். 60-ல வர்ற ஒரு வேன் டிரைவர் ஓரம் கட்ட மாட்டார். கண்ணு தெரியாத மூணு செகண்டுல 50 மீட்டர் அவர் குருட்டாம்போக்குல வருவார். எந்தப் பக்கம் வருவார்? உங்க பக்கம். எதிர்ல வர்றவர் கண்ணைப் பறிச்சுட்டு அவர் எதிர்லயே நாமளும் போறோம். இதுல என்ன பாதுகாப்பு இருக்கு, சொல்லுங்க.

மேலே சொன்ன டீக்கடை பெஞ்ச் ரூம்மேட்கிட்ட இதைச் சொன்னேன். "மாப்ள, கார்க்காரன் எவனாவது டிம் பண்றானா? நான் மட்டும் ஏன் இளிச்சவாயனா இருக்கணும்? நானும் திருப்பி அடிச்சாதான் அவன் இறக்குவான்"ங்கறான். அவன் சொல்றதுல முதல் பாதி உண்மை. எவனும் டிம் பண்றதில்லை. டிரைவிங் ஸ்கூல்ல எட்டு போடச் சொல்லித் தர்றாங்க, டிம் பண்ணச் சொல்லித் தர்றதில்லை. ஆனா ரெண்டாவது பாதிதான் இடிக்குது. நீ திருப்பி அடிக்கிறது அந்த கார்க்காரனுக்கு மட்டும் போகலை. அவன் பின்னாடி வர்ற எக்ஸ்எல்லுக்கும், ஓரத்துல நடந்து போற கூலிக்காரம்மாவுக்கும் சேர்த்துதான் போகுது. கார்க்காரனுக்குக் கண்ணாடி இருக்கு, ஏர்பேக் இருக்கு. அவங்களுக்கு என்ன இருக்கு?

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேக்குறவங்களுக்கு. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 106-வது விதி இருக்கு. விளக்குலேர்ந்து 8 மீட்டர் தூரத்துல, தரையிலேர்ந்து 1.5 மீட்டர் உயரத்துல கண்ணு இருக்குற ஒருத்தருக்குக் கூசாத அளவுக்கு வெளிச்சம் கீழே திரும்பியிருக்கணும்னு சொல்லுது. எவ்வளவு துல்லியமா எழுதி வச்சிருக்காங்க பாருங்க. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுங்குது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி அனுமதி இல்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும். 100/90 பல்பை முறையா தயாரிக்கிற கம்பெனிகள் பெட்டியிலயே பொதுச்சாலைக்கு அல்ல, ராலி மாதிரி சாலைக்கு வெளியே ஓட்டத்தான்னு பொடி எழுத்துல போட்டுடுவாங்க. போலீஸ்காரர் மாத்தின சைலன்சரை சத்தத்தை வச்சே பிடிச்சுடறார். லைட்டுக்காக ஒருத்தரை நிறுத்தி நான் பார்த்ததில்லை. அப்பல்லாம் ஹெட்லைட் நடுவுல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி விடுவாங்க, ஞாபகம் இருக்கா? அறிவியலா பார்த்தா அது முரட்டு வைத்தியம். கூசுற வெளிச்சத்தோட ரோட்டுல விழ வேண்டியதையும் சேர்த்து மறைக்கும். ஆனாலும் எதிர்ல ஒருத்தர் வர்றார்ங்கற நினைப்பாவது அதுல இருந்துச்சு.

எல்.ஈ.டி.யே ஆகாதுன்னு இல்லை. இப்ப வர்ற புது வண்டிகள் பலதுல கம்பெனியே எல்.ஈ.டி. ஹெட்லைட் குடுக்குது. அந்தச் சில்லுக்குன்னே செஞ்ச லென்ஸ், அதுக்குன்னே செஞ்ச ரிஃப்ளெக்டர், மொத்தமா சோதிச்சு ஒப்புதல் வாங்கினது. நல்லாவே இருக்கு. ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள்ள எல்.ஈ.டி. பல்பைத் திணிக்கிறதுதான் பிரச்சினை. ஜெர்மனியில 2020-லதான் முதல் தடவையா அப்படி ஒரு மாற்று பல்புக்கு ரோட்டுல ஓட்ட அனுமதி கிடைச்சுது. அதுவும் எப்படி? இந்த மாடல் காரோட இந்த ஹெட்லைட்டுக்கு இந்தப் பல்புன்னு ஒவ்வொண்ணா சோதிச்சு, பட்டியல் போட்டு. பட்டியல்ல இல்லாத வண்டின்னா கிடையாது. நம்ம கடையில "எல்லா வண்டிக்கும் சேரும் பாஸ்"னு குடுக்குறாங்க. முழு ஹெட்லைட் யூனிட்டையே மாத்துறவங்களும் ஒண்ணு கவனிங்க. லோ பீம் கோடு ஒரு பக்கம் மட்டும் சாய்வா மேலே ஏறும். நம்ம ஊர்ல இடது பக்கம் ஏறணும், ஓரத்துல நடக்குறவங்க தெரியுறதுக்கு. வலது பக்கம் வண்டி ஓட்டுற நாடுகளுக்குச் செஞ்ச யூனிட்டை மாட்டினா அது வலது பக்கம் ஏறும். நேரா எதிர்ல வர்றவர் முகத்துக்கு.

அப்ப என்னதான் பண்றது? முதல்ல கண்ணாடியைத் துடைங்க. நக்கல் இல்லை, நிஜமாத்தான். ஹெல்மெட் கண்ணாடியில கீறல் இருந்தா எதிர் வெளிச்சம் அதுல பட்டு நட்சத்திரமா சிதறும். புதுக் கண்ணாடி நூறு வாட் பல்பைவிட அதிகம் காட்டிக் குடுக்கும். ராத்திரியில கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட் போட்டுட்டு லைட் பத்தலைன்னு சொல்றவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை. நீலக் கலர் பூச்சு அடிச்ச பல்பு வாங்காதீங்க. அந்தப் பூச்சு இருக்குற வெளிச்சத்தையும் கொஞ்சம் முழுங்கிடும். மல்டிமீட்டர் வச்சு இழப்பை அளங்க, ரிலே போடுங்க.

அப்புறம் உயரத்தைச் சரி பண்ணுங்க. இது ஓசி, இதைத்தான் யாரும் செய்யறதில்லை. சமமான தரையில, சுவத்துலேர்ந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்க. நீங்க வழக்கமா எப்படிப் போவீங்களோ அப்படியே ஏறி உக்காருங்க. ஹெட்லைட் நடுப்புள்ளி தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்னு அளந்து சுவத்துல சாக்பீஸ்ல கோடு போடச் சொல்லுங்க. லோ பீமோட வெட்டுக்கோடு அதுக்கு 5-லேர்ந்து 7 சென்டிமீட்டர் கீழே விழணும். மேலே விழுந்தா அடுத்தவர் கண்ணுக்கு, ரொம்பக் கீழே விழுந்தா உங்க மட்கார்டுக்கு. பின்னாடி ஆள் உக்காந்தா, இல்லை மூட்டை கட்டினா, வண்டியோட மூக்கு தூக்கும், லைட்டும் தூக்கும். தீபாவளிக்கு ஊருக்கு மூட்டை முடிச்சோட போறவங்க கிளம்பும்போது ஒரு தடவை பார்த்துக்குங்க.

இவ்வளவும் செஞ்சப்புறம் பத்தலைன்னா அப்ப பல்பு பக்கம் போங்க. அதே 60/55 வாட்லயே இழையைக் கொஞ்சம் சின்னதா, துல்லியமா சுத்தி, முக்கியமான இடத்துல அதிக வெளிச்சம் விழுற மாதிரி நல்ல கம்பெனிகள் செய்யுறாங்க. விலை கூட, ஆயுசு கம்மி. பெட்டியில போட்டிருக்குற நூத்து முப்பது சதவீதம் மொத்த வெளிச்சத்துக்கு இல்லை, ரோட்டுல சில இடங்களுக்கு, அதுவும் சட்டம் கேக்குற குறைஞ்சபட்ச அளவோட ஒப்பிட்டு. அது தெரிஞ்சு வாங்கினா ஏமாற்றம் இல்லை. வெட்டுக்கோடு கலையாது, அது போதும் எனக்கு.

ரிலே கனெக்‌ஷனைப் படமா வரைஞ்சு அடுத்த வாரம் போடறேன். அதுக்குள்ள அவசரம்னா ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போய் இப்படிச் சொல்லுங்க: ரிலேயில 30 பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து ஃபியூஸ் வழியா, 87 பல்புக்கு, 86 பழைய ஹோல்டர் வயர்லேர்ந்து, 85 எர்த். ஹைக்கும் லோவுக்கும் தனித்தனி ரிலே. 15 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரிக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட. "எதுக்கு தம்பி, நேரா கட்டிடலாம்"னு அவர் சொன்னா வேற கடை பாருங்க.